சித்தியின் சாட்சியில் ஓர் ‘ஆம்’

என் சித்திக்குத் தெரிந்த ஒரே வேலை விரிப்பு மடிப்பதுதான் என்று அம்மா சொல்வாள். இன்னொரு வேலையும் தெரியும் என்று நான் சொல்வேன்: அடுத்தவர் பேசியதை ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொல்வது. முதல் வேலைக்குச் சம்பளம் வந்தது. இரண்டாவது வேலைக்குப் பட்டப்பெயர் வந்தது. சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் ரேடியோ.

சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பா அவளை விட்டுப் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். ஊரிலுள்ள ஓட்டல்களும் மருத்துவமனைகளும் அனுப்பும் அழுக்கு விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அவள் வேலை பார்த்த சலவைக்கூடத்துக்குத்தான் வரும். முன்பக்கம் துவைக்கும் எந்திரங்கள். நடுவில் இஸ்திரி அறை. அங்கே துணியைப் பலகைமேல் பரப்பினால், சூடான தட்டு மேலிருந்து இறங்கி அழுத்தும். பின்பக்கம் ஜன்னலோரமாக மடிப்பு மேஜை. பெரிய விரிப்பை ஒருவராக மடிக்க முடியாது. இருவர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, பாதியாக்கி, நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். சேரும் நேரத்தில் இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். பேச்சு அப்போதுதான். பாதி வாக்கியத்தில் பிரிந்து போய், மீதியை அடுத்த விரிப்பில் சொல்வார்கள்.

சித்திக்கு எதிரே நின்று மடித்தவர் அவளைவிட மூத்தவர். நேரில் "அக்கா" என்பாள். மற்றவர்களிடம் பேசும்போது "என் எதிராளி" என்பாள். எதிரே நிற்கிற ஆள், அவ்வளவுதான் பொருள். எங்கள் வீட்டிலும் அவர் எதிராளியம்மா ஆகிவிட்டார். சித்திக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவரும் அவரேதான். "கம்பி புடுங்கி விட்டாலும் பாடும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் சித்தியின் பேச்சில் ஒரு நேர்மை இருந்தது. தான் பார்த்ததை "விழுந்தான்" என்பாள். பிறர் சொல்லிக் கேட்டதை "விழுந்தானாம்" என்பாள். நாம் எல்லோருமே அப்படித்தான் பேசுகிறோம். ஆனால் கதை சூடுபிடித்ததும் நமக்கு அந்த ‘ஆம்’ நழுவிவிடும், பக்கத்தில் நின்று பார்த்தவர்போலப் பேச ஆரம்பித்துவிடுவோம். சித்திக்கு நழுவாது.

அந்த நேர்மையாலும் ஒருமுறை பெரிய வேடிக்கை ஆகியிருக்கிறது. சலவைக்கூடத்துக் கணக்கர் ஒருநாள் நேரத்துக்கு வேலைக்கு வரவில்லை. அவருக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி. அவர் வீட்டிலிருந்து போன் வந்தது, சித்தி எடுத்தாள். "அவரு போயிட்டாரு" என்றது மறுமுனை. வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார் என்ற பொருளில்தான் அவர் மனைவி சொன்னார். சித்தி போனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கணக்கரு போயிட்டாராம்" என்று அறிவித்தாள். எந்திரங்களை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் தலைகுனிந்து நின்றுகொண்டிருக்கும்போது கணக்கர் சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்து, "என்னப்பா, கரண்ட் இல்லையா?" என்று கேட்டார்.

"நான் என்ன பண்ணுவேன்? போயிட்டாருன்னுதான் சொன்னாங்க. நானும் போயிட்டாராம்னுதான் சொன்னேன். நீங்களா கொன்னுட்டு என்னைச் சொல்றீங்க" என்பாள் சித்தி.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஒரு ஓட்டலிலிருந்து விரிப்புகள் கறையோடு திரும்பி வந்தன. சூப்பர்வைசர் மடிப்பு மேஜைக்கு வந்து எதிராளியம்மாவைத் திட்டினான். அவன் முதலாளியின் மச்சான், வாய் நீளம். எதிராளியம்மா விரிப்பைக் கீழே வைக்காமலே, "கறை எடுக்கறது உங்க ஆளுங்க வேலை. மடிக்கறதுதான் எங்க வேலை. மடிப்புல கறை இருந்தா சொல்லுங்க" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து, தலையணை உறை எடுத்துப் போக வேண்டும் என்று சொல்லி அவரை இஸ்திரி அறைக்குக் கூப்பிட்டான். சாப்பாட்டு நேரம். உள்ளே வேறு யாரும் இல்லை.

திரும்பி வரும்போது எதிராளியம்மா இடது கையை ஈரத்துண்டில் சுற்றி மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார். நேராகச் சித்தியிடம் வந்தார். முகம் எப்போதும்போலப் பக்கத்தில் வந்தது. "என் கையைப் புடிச்சு தட்டுக்கு அடியில வச்சு அழுத்தினான்டி. இனிமே பேசுவியா, இனிமே பேசுவியான்னு கேட்டுக்கிட்டே அழுத்தினான்" என்றார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சலவைக்கூடத்தார் அவரை வண்டியில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டுபோய், கை தவறி எந்திரத்தில் மாட்டிக்கொண்டது என்று சொன்னார்கள். அந்த வலியில் அவரால் மறுத்துப் பேச முடியவில்லை. கட்டு மாற்றப் போன ஒரு நாளில் சித்திதான் அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனாள். புகார் எழுதினார்கள். சித்தியிடமும் எதிராளியம்மாவின் கணவரிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். சூப்பர்வைசர் கைதாகி, ஜாமீனில் வெளியே வந்தான். வழக்கு முடியும்வரை அவன் வேலைக்கு வரக் கூடாது என்று ஏற்பாடு.

வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் எதிராளியம்மா இறந்துவிட்டார். கைக்காயம் காரணமில்லை. தலையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். குளியலறையில் விழுந்தவர் கண் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு சித்தி கொஞ்சநாள் பேச்சைக் குறைத்தாள். பிறகு ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அரசு வக்கீலைப் பார்க்கப் போனாள். பள்ளி முடித்து வீட்டில்தான் இருந்தேன். சட்டப் பேச்சு புரியாவிட்டால் நான் கேட்டுச் சொல்வேன் என்று நம்பினாள்.

வக்கீலம்மா கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டே விளக்கினார்.

"பொதுவா ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் வந்து சொன்னா கோர்ட்டு ஏத்துக்காதும்மா. அதுக்குப் பேரு கேள்விச் சாட்சியம். சொன்னவரையே கூண்டுல ஏத்திக் கேட்டுக்கலாமே, நடுவுல நீ யாருன்னு கேப்பாங்க."

"சொன்னவங்கதான் இல்லையே."

"அதனாலதான் நமக்கு ஒரு வழி இருக்கு. புகார் குடுத்தவங்க இறந்துட்டா, அவங்க சொன்னதைக் காதால கேட்டவங்க வந்து சொல்லலாம்னு நீதிபதி அனுமதிக்கலாம். ஆனா சும்மா அனுமதிக்க மாட்டார். சம்பவம் நடந்த சூட்டோட சொன்னாங்களா, கேட்டவங்க நம்பிக்கையான ஆளா, வேற யாராவது அதையே கேட்டிருக்காங்களா, எல்லாம் பார்ப்பார். இறந்தவங்களோட வாய் இனி நீங்கதான். அதை நினைச்சுக்கிட்டுப் பேசணும்."

"வேற ஒருத்தரும் கேட்டிருக்காரு. அவங்க வீட்டுக்காரர்கிட்டயும் அன்னைக்குச் சாயங்காலம் சொல்லியிருக்காங்களாம்."

"ஆமா, அவரோட வாக்குமூலமும் கோப்புல இருக்கு. ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னா கேஸ் நிக்கும்."

கிளம்பும்போது வக்கீலம்மா இன்னொன்றும் சொன்னார். "போலீஸ்ல நீங்க குடுத்த வாக்குமூலத்துல ‘அழுத்தினானாம்’னு இருக்கு. கோர்ட்ல அந்த ‘ஆம்’ வேண்டாம். ‘அழுத்தினான்னு அக்கா சொன்னாங்க’ன்னு நேராச் சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"வீட்ல ஒண்ணுதான்" என்றார் வக்கீலம்மா.

எதிராளியம்மாவின் கணவர் அதே சலவைக்கூடத்தில் வேன் ஓட்டுகிறார். எல்லோருக்கும் அவர் வேன்காரர். சித்தி அவரை "அண்ணே" என்பாள், அவர் "தங்கச்சி" என்பார். சலவைக்கூடத்துக்குப் பின்னால் முதலாளி கொடுத்த வீட்டில் இருந்தார். ஒரே மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவள் சித்தியை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

விசாரணைக்கு முந்தைய வாரம் வேன்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல் அடுக்களை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள்.

"தங்கச்சி, நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும்ங்கறாங்க. எனக்குக் கோர்ட்டுன்னா நாக்கு ஒட்டிக்கும். நீ என்ன சொல்லப் போறேன்னு ஒரு தடவை சொல்லு. நான் மனசுல வாங்கிக்கறேன்."

சித்தி சொன்னாள். ஈரத்துண்டிலிருந்து தரையில் உட்கார்ந்தது வரை சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டார். அன்று காலையில் என்ன நடந்தது, தன் மனைவி எப்படி இருந்தாள் என்று கேட்டார். அப்போதுதான் சித்தி எங்களுக்கே தெரியாத ஒன்றைச் சொன்னாள்.

"காலையில இருந்தே நாங்க பேசலை அண்ணே. என் புருஷன் போனதுக்கு என் வாய்தான் காரணம்னு யார்கிட்டயோ விளையாட்டாச் சொல்லிட்டாங்க. என் காதுக்கு வந்துச்சு. எனக்குக் கோபம். பேசாமலே மடிச்சோம். ஒரு பேச்சும் இல்லாம விரிப்பு மடிச்சது அன்னைக்கு ஒருநாள்தான். அப்படிச் சண்டை போட்டிருந்தும் கை வெந்ததும் என்கிட்டதான் ஓடி வந்தாங்க. வேற யார்கிட்டயும் போகலை." சித்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை அண்ணே."

"எனக்குத் தெரியும்மா, அவளுக்கு உன்னை விட்டா யாரு" என்றார் அவர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. போகும்போது அம்மாவிடம், "உங்க தங்கச்சி இல்லைன்னா என் பொண்டாட்டி சொன்னதெல்லாம் அவளோடயே போயிருக்கும்" என்றார். அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

நீதிமன்ற அறை எங்கள் பள்ளி வகுப்பறையைவிடச் சின்னது. மின்விசிறி சுற்றச் சுற்ற மேஜைமேல் இருந்த தாள்களை எல்லோரும் கையால் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் முழுக்கைச் சட்டை போட்டு, பள்ளி ஆண்டுவிழாவுக்கு வந்தவன்போல நின்றான். முதலில் அவனுடைய வக்கீல் எழுந்தார். குரல் உயராமல் பேசுகிற மனிதர்.

"இந்த அம்மா எதையும் பார்க்கலை. கேட்டதைச் சொல்ல வந்திருக்காங்க. சொன்னவங்க உயிரோட இல்லை. இறந்தவங்களை நான் எப்படிக் குறுக்கு விசாரணை பண்றது? இதை அனுமதிக்கக் கூடாது."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்னவங்களைக் கேட்க முடியாதுங்கறது உங்க பக்கம் நியாயம்தான். அவங்க செத்ததாலேயே அவங்க புகாரும் செத்துப்போகணும்ங்கறதும் நியாயம் இல்லை. சொல்லட்டும். கேட்டவங்களை நீங்க நல்லா விசாரிச்சுக்கங்க. எவ்வளவு நம்பறதுன்னு நான் பார்த்துக்கறேன்."

சித்தி கூண்டில் ஏறினாள். வக்கீலம்மா கேட்டபோது சரியாகத்தான் சொன்னாள். எதிராளியம்மாவின் குரலிலேயே "இனிமே பேசுவியா, இனிமே பேசுவியா" என்று சொன்னாள். "நடிச்சுக் காட்ட வேண்டாம்மா, சும்மா சொல்லுங்க" என்றார் நீதிபதி. சித்தி நடிக்கவில்லை. அவளுக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"உங்களை எல்லாரும் என்னன்னு கூப்பிடுவாங்கம்மா?"

"ரேடியோன்னு."

"கணக்கர் ஒருத்தர் செத்துட்டார்னு இதே வாயாலதான் சொன்னீங்க?"

"செத்துட்டாருன்னு சொல்லலைங்க. போயிட்டாராம்னு சொன்னேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"சரி. இறந்தவங்களை நீங்க என்னன்னு சொல்லுவீங்க?"

"என் எதிராளின்னு..." என்று ஆரம்பித்துவிட்டு, சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எதிராளி!" நீதிபதி அந்தச் சொல்லை எழுதிக்கொள்ளும்வரை வக்கீல் காத்திருந்தார். "அன்னைக்கு அவங்க உங்ககிட்ட வந்து என்ன சொன்னாங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"கையைப் புடிச்சு வச்சு அழுத்தினானாம்."

வக்கீலம்மா தலையில் கை வைத்தார். சித்திக்குப் பதற்றத்தில் வாய் பழைய வழிக்கே போய்விட்டது.

"அழுத்தினானாம். போயிட்டாராம். அந்த ‘ஆம்’ எதுக்கும்மா? உங்களுக்கே முழுசா நம்பிக்கை இல்லைன்னுதானே?"

"ஐயோ, இல்லைங்க. நான் பார்க்கலை. பார்க்காததைப் பார்த்த மாதிரி எப்படிங்க சொல்றது? அவங்க சொன்னாங்க. அதுக்குத்தான்."

"பார்க்கலை. சரி." அவர் ஒரு தாளைப் புரட்டினார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "அன்னைக்குக் காலையில இருந்து உங்களுக்குள்ள பேச்சே இல்லையாமே?"

சித்தி கூண்டின் கட்டையைப் பிடித்தாள். "யாரு சொன்னா?"

"கேள்வி நான்தான் கேட்பேன். பேச்சு இருந்ததா, இல்லையா?"

"இல்லை. ஆனா..."

"உங்க புருஷன் உங்களை விட்டுப் போனதைப் பத்தி அவங்க தப்பாப் பேசினதால உங்களுக்குக் கோபம். பேசாம இருந்தீங்க. பேச்சு இல்லாத ஒருத்தி, ஓடி வந்து உங்ககிட்ட மட்டும், வேற யார் காதுலயும் விழாம சொன்னா. அப்படித்தானே?"

சித்தி அவரைப் பார்க்கவே இல்லை. அவள் பார்வை கதவுப் பக்கம் போனது. அடுத்த சாட்சி வெளியே பெஞ்சில் காத்திருந்தார். கதவுக் கண்ணாடியில் வேன்காரரின் முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு "ஆமாங்க" என்றாள். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. யாரையும்போல இல்லாமல், அவளுடைய சொந்தக் குரலாக இருந்தது.

அவள் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அடுக்களை வாசல்ல உட்கார்ந்தவர்கிட்டதானேடா சொன்னேன்" என்றாள்.

வேன்காரர் உள்ளே வந்தார். புதுச் சட்டை. எங்களைப் பார்க்காமல் கூண்டில் ஏறினார். சம்பவத்தன்று சாயங்காலம் மனைவி என்ன சொன்னார் என்று வக்கீலம்மா கேட்டார்.

"கை வழுக்கிடுச்சுங்க. உறையைச் சரி பண்ணும்போது தட்டு இறங்கிடுச்சு. பக்கத்துல யாரும் இல்லை."

வக்கீலம்மாவின் முகம் மாறியது. "போலீஸ்ல நீங்க வேற மாதிரி சொல்லியிருக்கீங்களே?"

"அப்போ மனசு சரியில்லைங்க. அந்த அம்மா சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டேன்." கையை நீட்டிச் சித்தியைக் காட்டினார். தங்கச்சி என்று சொல்லவில்லை.

சித்தி எழுந்துவிட்டாள். "வழுக்கிடுச்சாமா? இவரு எங்கே இருந்தாரு அப்போ? வேனுல இல்ல இருந்தாரு! பக்கத்துல நின்னு பார்த்த மாதிரி சொல்றாரே, யாரு பார்த்து யாரு சொல்லிக் குடுத்தது?"

"உட்காருங்கம்மா" என்றார் நீதிபதி. "இனி பேசினா வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். அவள் சொன்னதில் இருந்த நியாயம் எனக்குப் புரிந்தது. ஆனால் கூண்டைவிட்டு இறங்கிய பிறகு சொல்வது எதுவும் சாட்சியம் ஆகாது. நீதிபதி அதை எழுதிக்கொள்ளவும் இல்லை.

தீர்ப்பு நாளில் வேன்காரர் வரவில்லை. நீதிபதி நிதானமாக வாசித்தார். இறந்தவர் சொன்னதை ஏற்றுக்கொள்ளத் தடை இல்லை. ஆனால் அதே இறந்தவர் இரண்டு பேரிடம் இரண்டு விதமாகச் சொன்னதாகச் சாட்சிகள் கூறுகிறார்கள். எது உண்மை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது அவர் இல்லை. ஆகவே சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. சூப்பர்வைசர் கும்பிட்டான். விடுதலை.

படிக்கட்டில் இறங்கும்போது சித்தி கேட்டாள்: "சந்தேகத்தோட பலன் அவனுக்குன்னா, எங்க அக்காவுக்கு என்ன?"

"உங்களை நீதிபதி பொய்னு சொல்லலைம்மா" என்றார் வக்கீலம்மா.

"அவரு சொல்லலை. அண்ணன் சொல்லிட்டாரே" என்றாள் சித்தி.

சூப்பர்வைசர் வேலைக்குத் திரும்பிய அன்று சித்தி போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அவளை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. அம்மா, "வேற இடம் பார்த்துக்கலாம், உன் கை போதும்" என்றாள். சித்தி ஓயாமல் வீட்டைக் கூட்டினாள். எங்கள் வீட்டில் இருந்த ஒன்றிரண்டு விரிப்புகளை எடுத்து உதறி மறுபடி மடித்து வைத்தாள். மறுமுனையை நான் பிடித்தேன். என் மடிப்பு கோணலாக இருந்தது. அவள் திட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேன்காரர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றார். அம்மா பாத்திரத்தை ஓசைப்படப் போட்டுவிட்டு உள்ளே போனாள். டீ போடவில்லை.

"தங்கச்சி."

"அந்த அம்மான்னே சொல்லுங்க. கோர்ட்ல சொன்ன மாதிரி."

"திட்டு. திட்டறதுக்குத்தான் வந்தேன்."

"திட்டு வாங்கிட்டுப் போனா மனசு லேசாயிடும்னு பார்க்கறீங்க. மாட்டேன்."

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "வீடு அவங்க வீடு. வேலை அவங்க வேலை. பொண்ணு படிப்பு முடியலை. முதலாளி கூப்பிட்டு, உயிரோட இருக்கறவளைப் பாருன்னாரு. செத்தவ திரும்பி வரப் போறதில்லையேன்னு..."

"திரும்பி வரச் சொல்லி யாரு கேட்டா? என்கிட்ட வந்து, முடியலை தங்கச்சி, நான் வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா நான் ஒத்தையாப் போய்ச் சொல்லியிருப்பேனே. என் அடுக்களையில உட்கார்ந்து, என் டீயைக் குடிச்சு, என் வாயைப் புடுங்கி அவங்க கையில குடுத்துட்டீங்களே. அக்கா என்கூடப் பேசாம இருந்ததைக் கூட விட்டு வைக்கலையே அண்ணே."

பழக்கத்தில் ‘அண்ணே’ வந்துவிட்டது. அதைச் சொல்லியபிறகு அவளுக்கு அழுகை வந்தது.

அழுகையோடே கேட்டாள்: "கோர்ட்டுக்கு இல்லை, எனக்குச் சொல்லுங்க. அக்கா உங்ககிட்ட என்னதான் சொன்னாங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "உன்கிட்ட சொன்னதேதான். ராத்திரியெல்லாம் கையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு அதையேதான் சொல்லிட்டிருந்தா."

சித்தி தலையை மட்டும் ஆட்டினாள். அது தெரிந்ததால் அவளுக்கு ஆறுதல் வந்ததா, இன்னும் எரிந்ததா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஒரே ஒரு உதவி" என்றார் அவர். "பொண்ணுக்குப் பரீட்சை முடிஞ்சுடுச்சு. கேஸ் தோத்துப்போச்சுன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன். உன்னைத்தான் கேட்பா. நான் சொன்ன சாட்சியை அவகிட்ட சொல்லாதே. அவ அம்மா இல்லை. நானும் அவளுக்கு இல்லாமப் போயிடுவேன்."

சித்தி சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, சொல்லமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்து போனார். வேன் புறப்படுகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் போன் வந்தது. மகள்தான். சித்தி ஜன்னல் பக்கம் போய் நின்று பேசினாள். அந்தப் பெண்ணின் குரல் எனக்கும் கேட்டது.

"அத்தை, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. எப்படித் தோத்துச்சு? நீங்க சரியாச் சொன்னீங்கதானே? அம்மா சொன்னதை எனக்கும் சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க."

சித்தி சொன்னாள். கறையிலிருந்து ஆரம்பித்தாள். மடிப்புல கறை இருந்தா சொல்லுங்க என்று அவள் அம்மா கேட்டதைச் சொன்னபோது மறுமுனையில் அந்தப் பெண் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். இஸ்திரி அறை, ஈரத்துண்டு, தரையில் உட்கார்ந்தது. காலையில் பேசாமல் இருந்ததையும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்பாவும் இதையேதானே அத்தை சொன்னாரு?"

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா அடுக்களையிலிருந்து வந்து, வேண்டாம் என்று கையைக் காட்டினாள். சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்லை கண்ணு" என்றாள். "கை வழுக்கிடுச்சுன்னு சொன்னாரு."

மறுமுனையில் பேச்சில்லை. சித்தி போனை வைக்கவில்லை. அந்தப் பெண் வைக்கட்டும் என்று காதோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.